மலையடிவாரத்தில் சைட் போட்ட கதை

கோயமுத்தூர்க்காரர் ஒருவர் "காட்டுக்குப் போய்ட்டு வந்தர்றேனுங்க" என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் பயந்துவிடக் கூடாது. சோளக்காட்டுக்கோ கடலைக்காட்டுக்கோ போகிறார் என்று அர்த்தம். கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் தோட்டம், வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தால் வயல், வானத்தைப் பார்த்துக் கிடந்தால் காடு. மரமும் மிருகமும் இருக்கிற இடத்துக்கு எங்கள் பேச்சில் 'மலை' என்றுதான் பெயர். விறகுக்கு மலைக்குப் போவார்கள், மாடு மேய்க்க மலைக்குப் போவார்கள்.

இந்தச் சொல் விளக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. "காட்டை அழித்து வீடுகள்" என்று பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் தெருவில் ஒரு விவாதம் நடக்கும். "நாம எங்கீங்க காட்டை அழிச்சோம்? எல்லாம் பட்டா பூமி, பத்திரம் இருக்குது" என்பார் ஒருவர். சட்டப்படி அவர் சொல்வது சரிதான். எங்கள் பக்கத்துச் சைட்டுகள் வனத்துறையின் காட்டை வெட்டிப் போட்டவை அல்ல. எங்கள் பேச்சில் உள்ள காட்டில் போட்டவை. (சைட் என்றால் மனை. கோவையில் மனை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.)

யானைக்குப் பட்டா தெரியாது என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். அது போகட்டும். நமக்கு யானையைத் தெரிந்திருந்ததா இல்லையா என்பதுதான் எனக்குக் கேள்வி. தெரிந்திருந்தது. என் அனுபவத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மலைக்கும் பட்டா பூமிக்கும் நடுவில் கோடு போட்டது வெள்ளைக்காரன். 1882-ஆம் வருஷத்து மதராஸ் வனச் சட்டத்தின் கீழ் மலைகளை அளந்து, எல்லைக்கல் நட்டு, ரிசர்வ் ஃபாரஸ்ட் ஆக்கினார்கள். அதற்கு முந்தைய காலத்தில் யானையைக் கொன்றவனுக்கு மதராஸ் சர்க்காரே சன்மானம் கொடுத்ததும் உண்டு. 1873-இல்தான் காட்டு யானைகளைக் காக்க ஒரு சட்டம் வந்தது. ஆனால் வன எல்லையைப் போட்டவர்களின் கணக்கு மரக்கணக்கு. எங்கே தேக்கு, ஈட்டி, விறகு கிடைக்குமோ அது சர்க்காருக்கு; எங்கே ஏர் ஓடுமோ அது குடியானவனுக்கு. யானை எந்த வழியாக நடக்கிறது என்று பார்த்துப் போட்ட கோடு அல்ல அது.

அந்த வழி எது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், தெளிவான ஒரு காலைப் பொழுதில் தடாகம் ரோட்டில் நின்று மேற்கே பார்த்தால் போதும். மலை சுவர் மாதிரி நிற்கும். கோவை வனக்கோட்டம் இன்று ஏறக்குறைய 690 சதுர கிலோமீட்டர். மதுக்கரை, போளுவாம்பட்டி, கோவை, பெரியநாயக்கன்பாளையம், காரமடை, மேட்டுப்பாளையம், சிறுமுகை என்று ஏழு சரகம். கேட்கப் பெரிதாக இருக்கும். வரைபடத்தில் பார்த்தால் தெற்கு வடக்காக நீண்ட ஒரு ரிப்பன். கேரளத்து அட்டப்பாடிப் பக்கத்திலிருந்து சத்தியமங்கலம், முதுமலை என்று போகிற யானைக்கு இதுதான் ரோடு. செங்குத்துச் சரிவில் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு குட்டியோடு நடக்க முடியாது. அதனால் அது சரிவு முடிந்து தரை தொடங்குகிற இடத்தைப் பிடித்துப் போகும். வெள்ளைக்காரன் கல் நட்டதும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான்.

நான் 1974-இல் வங்கியில் சேர்ந்தேன். மூன்று வருஷம் கழித்து மேற்குப் பக்கத்துக் கிளை ஒன்றில் விவசாயக் கடன் பார்க்கப் போட்டார்கள். கிளைக்கென்று ஒரு ராஜ்தூத் இருந்தது. அது வழியில் நிற்காத நாளில் நான் அடிவாரம் வரை போய் வருவேன். மலையோரத்தில் சோளம், ராகி, கொள்ளு, தட்டை. நாலு கல்லை வைத்து ஒரு சாளை. மரத்தின் மேல் ஒரு பரண். சோளம் கதிர் வாங்கும் நாளில் வீட்டு ஆம்பளைகள் ராத்திரி முழுக்கப் பரணில் தகர டப்பாவோடு உட்கார்ந்திருப்பார்கள். மலையோரத்துக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். பூமி விலையும் ஊருக்குக் கிழக்கே இருந்ததில் பாதிகூட இருக்காது.

யானையை அவர்கள் யானை என்று சொன்னதில்லை. "சாமி வந்துட்டுப் போயிருச்சுங்க" என்பார்கள். கும்பிடவும் செய்வார்கள், பந்தம் கொளுத்தி விரட்டவும் செய்வார்கள், இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அறுவடை முடிந்தால் பரணிலிருந்து இறங்கிவிடுவார்கள். பிறகு தாள் மட்டும் நிற்கும் காட்டில் சாமி வந்தால் என்ன, போனால் என்ன. வருஷத்தில் பல மாதம் அந்தப் பூமி இரண்டு பேருக்கும் பொது. அதற்குப் பத்திரம் கிடையாது.

1979-இல் அப்படி ஒரு சோளக்காட்டைப் பார்க்கப் போனேன். மூன்று ஏக்கர். ஒரு ராத்திரியில் உருண்டு எழுந்தது போலக் கிடந்தது. வயதான கவுண்டர் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கதிரு புடிச்ச நேரம் பாத்துச் சாமி எறங்கிருச்சுங்க, தவணையைத் தள்ளிக் குடுங்க சார்" என்றார். தவணை தள்ளிவைக்கும் படிவத்தில் வறட்சி, வெள்ளம், பூச்சி என்று இருந்தது. யானைக்கு இடமில்லை. நான் 'வறட்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல மழை பெய்த வருஷம் அது. மேலிடத்தில் யாரும் கேட்கவில்லை.

எண்பதுகளில் போர்வெல் வந்தது. முந்நூறு, நானூறு அடிக்கு ஓட்டை போட்டு மோட்டார் இறக்கினால் காடு தோட்டமாகிவிடும். கொள்ளு விதைத்த பூமியில் வாழை, கரும்பு, தென்னை, பாக்கு. கடன் கொடுத்தது நாங்கள்தான். இலக்கு வேறு வைத்திருந்தார்கள், மார்ச் மாதம் வந்தால் விவசாயியைத் தேடிப் போய்க் கடன் கொடுப்போம். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் வாழையும் கரும்பும் யானைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சோள சீசனுக்கு மட்டும் இறங்கிய பிராணி எல்லா மாதமும் இறங்கத் தொடங்கியது. இந்த விருந்துக்கு இலை போட்டவர்களில் நானும் ஒருவன்.

அதே பேரேட்டில் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து வேறு மாதிரி வரவுகள் வந்தன. தவணைக்கே இழுத்தடித்தவர்கள் மஞ்சள் பையில் ரொக்கத்தோடு வந்து மொத்தக் கடனையும் கட்டினார்கள். "என்னங்க, நல்ல வெள்ளாமையா?" என்று கேட்டால், "இல்லீங்க சார், சைட் போட்டாச்சு" என்பார்கள். போர்வெல் ஆயிரம் அடியிலும் புகை விட்டது. ஆள் கிடைப்பதில்லை, அடிவாரத்துப் பையன்கள் மில்லுக்கும் பவுண்டரிக்கும் போய்விட்டார்கள். மகளுக்குக் கல்யாணம், மகனுக்கு இன்ஜினியரிங் சீட். யானையும் ஒரு காரணம்தான். ஆனால் விற்றவர் யாரும் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. பூமியை விற்ற மறுநாள் கிளைக்கு வந்து என் மேஜை முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நகரமும் வளர்ந்துகொண்டிருந்தது. 1981-இல் கோவை மாநகராட்சி ஆனது. கிழக்கே அவினாசி ரோடு விலை ஏறிப்போனது. அப்போதுதான் ஒரு வேடிக்கை நடந்தது. பெண் கொடுக்க யோசித்த மலையோரம், நோட்டீசில் ஏறியதும் வரமாகிவிட்டது. மலைக்காற்று, வரப்போகிற சிறுவாணித் தண்ணீர், எழுந்ததும் மருதமலை தரிசனம், பக்கத்திலேயே கல்லூரி. பூமி அதே பூமிதான், மலையும் அதே மலைதான். 'மலையோரம்' என்ற சொல்லைத் தூக்கிவிட்டு 'மலையடிவாரம்' என்று போட்டார்கள், அவ்வளவுதான். யானையைப் பற்றிக் கேட்டால் புரோக்கர், "அதெல்லாம் அந்தக் காலமுங்க" என்பார்.

சர்க்காருக்கும் தெரியாமல் இல்லை. 1990-இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் ஒன்று அமைத்தார்கள். எங்கள் பக்கம் 'ஹாகா' என்றால்தான் புரியும். பட்டியலில் உள்ள மலைக் கிராமங்களில் லேஅவுட் போட, கட்டடம் கட்ட, வனத்துறை, வேளாண் பொறியியல், கனிம வளம் என்று பல இடத்தில் தடையின்மைச் சான்று வாங்கிக் குழுமத்தின் அனுமதியும் பெற வேண்டும். கோவையின் மேற்கு ஓரத்துக் கிராமங்கள் பலவும் பட்டியலில் இருந்தன. ஆனால் ஊருக்குள் நடமாடியது 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற ஒன்று. வரைபடத்தின் மேல் பஞ்சாயத்து முத்திரை ஒன்று விழுந்தால் போதும், பத்திரப் பதிவு நடக்கும், மின்சாரம் வரும், வீட்டு வரி ரசீது வரும். மூன்றும் இருந்தால் நம் ஆட்கள் நாலாவதைக் கேட்கமாட்டார்கள்.

நானும் கேட்கவில்லை. 1995-இல் ஐந்தரை சென்ட் வாங்கினேன். பஞ்சாயத்து அப்ரூவல்தான். தாய்ப் பத்திரத்தைப் பார்த்தபோது சர்வே நம்பர் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். 1979-இல் நான் 'வறட்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அதே மூன்று ஏக்கர் சோளக்காடு. வில்லங்கச் சான்றில் வில்லங்கம் எதுவும் இல்லை. ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அந்த இடத்தில் யானை வந்தது எனக்குத் தெரியும். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, விலையும் கட்டுப்படியானது, ஓய்வுபெற்றபின் நல்ல காற்று. மறு வாரம் பதிவு முடித்தேன். 2010-இல் ரிட்டயர் ஆன கையோடு வீடு கட்டிக் குடிவந்தோம்.

முதல் இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வடக்கே ஒரு பெரிய லேஅவுட் வந்தது. நாலு பக்கமும் கருங்கல் மதில், கேட், காவலாளி. மதில் முளைத்த வருஷமே எங்கள் தெருவில் யானை நடக்கத் தொடங்கியது. அவர்களை நாங்கள் திட்டினோம். எங்களுக்குத் தெற்கே இருந்த தோட்டத்துக்காரர் அதே காரணத்துக்காக எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத சைட்டுகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த வருஷம் வரன்முறைத் திட்டம் வந்தது, 20.10.2016-க்கு முன் பதிவானவற்றைக் கட்டணம் கட்டி முறைப்படுத்தலாம் என்றார்கள். மலைக் கிராமங்களுக்கு மட்டும் இழுபறி. அந்த நாட்களில் எங்கள் பகுதியில் நடந்த கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். கட்டணம் சதுர அடிக்கு எவ்வளவு, எந்த ஆபீஸ், யாரைப் பார்ப்பது என்று மூன்று மணி நேரம் பேசினோம். அந்தப் பட்டியலில் நம் ஊர் எதற்காக இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல முன் வரிசையிலேயே ஒரு ஆள் இருந்தான், அவனும் வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் யானைகளுக்குப் பெயர் வரத் தொடங்கியிருந்தது. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பரண் காலத்தில் எல்லாம் சாமிதான், ஒன்றை ஒன்று பிரித்துப் பார்க்க அவசியம் இருக்கவில்லை. தெருவுக்குள் தினம் வருகிறவருக்குத்தானே பெயர் வேண்டும்? மதுக்கரைப் பக்கம் மகராஜ். எங்கள் பக்கம் விநாயகன், சின்னதம்பி. 2016 ஜூன் மாதம் மகராஜைப் பிடித்து டாப்சிலிப் பக்கம் வரகளியாறு கொண்டுபோனார்கள். மரக் கூண்டுக்குள் இரண்டாம் நாளே செத்துப்போனான். மதுக்கரைக்கு இந்தப் பக்கம் பலர் சாப்பிடாமல் இருந்ததாகச் சொல்வார்கள். அவனைப் பிடிக்கச் சொன்னவர்களும் அதே பக்கத்துக்காரர்கள்தான்.

அடுத்து எங்கள் முறை. 2018 தீபாவளி முடிந்து எங்கள் குடியிருப்பில் ஒரு மனு தயாரானது. குழந்தைகள் டியூஷன் போய் வர முடியவில்லை, விநாயகனையும் சின்னதம்பியையும் பிடித்து வேறு வனத்தில் விட வேண்டும் என்று. உயிர்ப் பயம் பொய்யில்லை. இருட்டில் பால் வாங்கப் போன ஒரு அம்மா மண் மேடு என்று நினைத்துப் பக்கத்தில் போய் நின்ற கதை எங்கள் தெருவில் நடந்தது. கையெழுத்துப் போட்டேன். டிசம்பரில் விநாயகனைப் பிடித்து முதுமலைக்கு அனுப்பினார்கள். 2019 ஜனவரி 25 அன்று சின்னதம்பியைப் பிடித்தார்கள். மயக்க ஊசி, கும்கி, ஜேசிபி, லாரி. லாரியில் ஏற்றும்போது அவன் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் அன்று தெருவில் பேசிக்கொள்ளவில்லை.

டாப்சிலிப்பில் விட்ட ஒரு வாரத்தில் அவன் கழுத்தில் ரேடியோ காலரோடு மலையிறங்கி நடக்கத் தொடங்கினான். உடுமலைப் பக்கம், தேவனூர்புதூர், பிறகு கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலை. நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தான் என்றார்கள். டிவியில் நாள் முழுக்க நேரலை. அவனைக் கும்கியாக்குவோம் என்று பேச்சு வந்ததும் ஊரெல்லாம் கொதித்தது. எங்கள் பகுதியிலும் கூட்டம் போட்டோம். யாரையும் கொல்லாத பிள்ளை, வீட்டைத் தேடித்தானே வருகிறான், திரும்ப எங்களிடமே விடுங்கள் என்று இன்னொரு மனு. அதே ஆட்கள். அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, தீபாவளிக்கு அனுப்பி வைக்கச் சொன்னீங்க, தை முடியறதுக்குள்ள கூட்டியாரச் சொல்றீங்க. அது என்ன கோவிச்சுட்டுப் போன மாப்பிள்ளையா?"

முதல் மனுவில் பயம், இரண்டாவதில் பாசம். இரண்டும் உண்மை என்றுதான் இன்றும் சொல்வேன். இரண்டு மனுவிலும் இல்லாதது ஒன்று உண்டு: எங்கள் வீடு எங்கே நிற்கிறது என்பது. முகவரியில் மட்டும் இருந்தது. நீதிமன்ற உத்தரவின் பேரில் பிப்ரவரி 15 அன்று கலீம், சுயம்பு என்ற இரண்டு கும்கிகளை வைத்துச் சின்னதம்பியை மறுபடி பிடித்து வரகளியாற்றுக் கூண்டில் அடைத்தார்கள். பிறகு அவனே கும்கியாகி மற்ற யானைகளைப் பிடிக்கப் போனான்.

2021-இல் தடாகம் பள்ளத்தாக்கின் ஐந்து பஞ்சாயத்துகளில் 186 செங்கல் சூளைகளை மூடினார்கள். நல்லது என்றுதான் எல்லோரும் சொன்னோம். தோண்டிய குழிகள் யானை வழியை அடைத்தது உண்மை. சூளைக்கு எரிக்கக் கொண்டுவந்த பனைமரத்தின் சோற்றுக்கு யானை அடிமையானதும் உண்மை. ஆனால் அந்தச் செங்கல் எங்கே போனது என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை. என் வீட்டுச் சுவர் தடாகம் கல்தான். நன்றாகச் சுட்ட கல், தட்டினால் மணி மாதிரி கேட்கும்.

நீலகிரியில் சீகூர் பக்கம் யானை வழித்தடத்து ரிசார்ட்டுகளை 2018-இல் உச்ச நீதிமன்றம் சீல் வைக்கச் சொன்னபோது எங்கள் வாட்ஸப் குழுவில் கைதட்டல் படம் நிறைந்தது. 2020 அக்டோபரில் வழித்தடம் செல்லும் என்று இறுதித் தீர்ப்பு வந்தபோதும் அப்படியே. 2024-இல் மாநிலம் முழுக்க 42 வழித்தடங்கள் என்று வனத்துறை ஒரு வரைவு அறிக்கை வெளியிட்டது. அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். கூடலூர் மக்கள் எங்கள் வீடும் தோட்டமும் போய்விடும் என்று தெருவுக்கு வந்தார்கள். எங்கள் குழுவில் அன்று கைதட்டல் இல்லை. "இதுல நம்ம சர்வே நம்பர் இருக்குதுங்களா?" என்று ஒரே கேள்வியை ஆளுக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தோம்.

போன மாதம் பெங்களூரிலிருந்து என் தங்கை மகன் போன் பண்ணினான். எங்கள் தெருவிலேயே ஒரு சைட் விலைக்கு வருகிறதாம், ஆறு சென்ட், கிழக்குப் பார்த்தது. "மாமா, நெசமாலும் யானை வருமா?" என்றான். ஒன்றும் மறைக்கவில்லை. 1979 சோளக்காட்டிலிருந்து இரண்டு மனு வரைக்கும் சொன்னேன். போன வாரம் எங்கள் பலாமரத்தை வளைத்துப் போட்டதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்படின்னா சென்டுக்கு ஒரு லட்சம் கம்மி பண்ணிக் கேக்கலாமுங்களா மாமா?" என்றான்.

சனிக்கிழமை இடம் பார்க்க வருகிறான்.